கண்டக்டர் பொன்னுராஜும் நாலு குழாய் ரத்தமும்

வல்லரசு அந்த மனிதரை முதலில் அறிந்தது காதால்தான். ராஜபாளையத்தில் கல்லூரி படித்த மூன்று வருஷமும் கிருஷ்ணன்கோவிலில் நின்று ஒரே தனியார் பஸ்ஸில்தான் ஏறினான். காலை ஏழே முக்காலுக்கு வரும் அந்த பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் கண்டக்டரின் குரல் வந்து சேர்ந்துவிடும்.

"வில்லிபுத்தூர், ராஜபாளையம்... உள்ள போ, உள்ள போ. நடுவுல என்ன ஆண்டாள் தேரா நிக்கிது, வடம் போட்டு இழுத்தாத்தான் நகருவியளோ?"

மாணவர்கள் அவருக்கு மைக்செட் என்று பெயர் வைத்திருந்தார்கள். நெரிசலுக்குள் காசை நீட்டிச் சீட்டை வாங்குவதோடு சரி, அந்த முகத்தை வல்லரசு ஒருநாளும் நிதானமாகப் பார்த்ததில்லை.

நாலு வருஷம் கழித்து முகத்தைப் பார்த்தபோது குரல் இல்லை.

அப்போது வல்லரசு வேலையில் இருந்தான். அவன் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் அவன். பரிசோதனைக்கூடப் படிப்பை முடித்ததும் தொண்டைப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆய்வில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், பெட்டியில் ஐஸ் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அவன் பஸ்ஸில்கூடக் கழற்றுவதில்லை.

ஒரே நோய் வந்து ஒரே சிகிச்சை பெற்ற இரண்டு பேரில் ஒருவர் பிழைக்கிறார், ஒருவர் போய்விடுகிறார். பிறக்கும்போதே அவரவர் உடம்பு கொண்டுவந்த மரபணு வேறுபாட்டுக்கு அதில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதுதான் ஆய்வின் கேள்வி. நோயாளியிடம் ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, அதே வீட்டில் அதே தண்ணீரைக் குடிக்கிற, ஆனால் ரத்த உறவில்லாத ஒருவரிடம் இன்னொரு குழாய். பெரும்பாலும் அந்த இன்னொருவர் கணவனோ மனைவியோதான்.

தென்காசி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் நின்று, "ஐயா, ஆஸ்பத்திரியில இருந்து வாரேன்" என்றான். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பத்தைந்து ஐம்பத்தாறு வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நாலாக மடித்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி கட்டியிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த ரூபாய் நாணயத்தால் நாற்காலியின் கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வல்லரசின் கால்கள் தாமாக உள்ளே போயின. மூன்று வருஷம் அந்தத் தட்டுக்குத்தான் அவன் பஸ் நகர்ந்திருந்தது.

"உக்காருங்க தம்பி" என்றபடி அவர் மனைவி சுந்தரம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். "ரெண்டு தட்டுனா ரைட்டு, ஒரு தட்டுனா ஸ்டாப்பு. பஸ்ஸ விட்டு எறங்கியும் எங்களையெல்லாம் பஸ்ஸாத்தான் ஓட்டுதாக."

அவர் டார்ச் லைட் போலிருந்த ஒரு கருவியை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினார். ஏற்ற இறக்கமில்லாமல், மோட்டார் ஓடுவது போல ஒரு குரல் வந்தது.

"ஏலே. ஏழே முக்கா பஸ்ஸு. கிருஷ்ணன்கோவில். படியில தொங்குன பயதானே நீ?"

வல்லரசு திகைத்துப் போனான். "என்னைய ஞாபகமிருக்கா ஐயா?"

"கண்டக்டருக்கு மூஞ்சி மறக்காது. மறந்தா ஓசிப் பயலுகளை எப்படிப் பிடிக்க?"

பொன்னுராஜ் சுந்தரபாண்டியத்துக்காரர். சித்தப்பாமார் இரண்டு பேர் பட்டாளத்தில் இருந்தார்கள். அவரும் ஆளெடுப்புக்குப் போனார். மார்பளவு குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "தொண்டைக்கு அளவு வச்சிருந்தா என்னையத்தான் மொதல்ல எடுத்திருப்பான்" என்று இன்றைக்கும் சொல்லுவார். திரும்பி வந்த மாதமே பஸ்ஸில் ஏறினார். முப்பத்தோரு வருஷம் இறங்கவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலை என்ற குன்றின் பெருமாளுக்கு ஸ்பெஷல் பஸ் விடும்போது, அத்தனை கூட்டத்திலும் தன் பஸ் எங்கே நிற்கிறது என்று ஊருக்கே தெரியும் என்பது அவருடைய பெருமை.

பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு பீடி. நாளுக்கு ஒரு கட்டு. குரல் கரகரத்தபோது பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினார். கடைசியில் டிரைவர் பாண்டிதுரைதான், "உன் ஹாரன்ல ஏதோ கோளாறு. காட்டிட்டு வந்து ஏறு" என்று இறக்கிவிட்டார். மதுரையில் குரல்பெட்டியை முழுசாக எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சுந்தரம்மாள் போனை நீட்டி, ஏதாவது பேசுங்க மாமா, பதிந்து வைக்கிறேன் என்றாள். அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மதுரையில் ஆரம்பித்து ராஜபாளையம் வரைக்கும் எல்லா ஸ்டாப்பையும் வரிசையாகச் சொன்னார். அது அவள் போனில் இன்னும் இருக்கிறது.

அதே வாரம், அதே வார்டில், அதே ஆபரேஷன் ஸ்ரீவில்லிபுத்தூர் அபுபக்கருக்கும் நடந்தது. பாத்திரக்கடைக்காரர். பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொட்டதில்லை, டீயைக்கூட ஆறவைத்துக் குடிப்பவர். பிறகு இரண்டு பேருக்கும் முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு. தினமும் ஒரே ரயில். பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஏறித் துண்டு போட்டு இடம் பிடிப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு. அந்தச் சத்தத்தைக் குறிவைத்து அபுபக்கர் கூட்டத்துக்குள் நுழைந்து வருவார்.

குரல் கருவி அப்போது இரண்டு பேரிடமும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டில் எழுதித்தான் பேச்சு. ஒருநாள் அபுபக்கர் எழுதினார்: "நீ பீடி குடிச்ச, சரி. எனக்கு எதுக்குவே வந்துச்சு?" பொன்னுராஜ் அதை அழித்துவிட்டு எழுதினார்: "என் பஸ்ஸுல ஏறியிருப்பீரு." இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கிற்று. மூச்சு விட ஆபரேஷனில் கழுத்தில் வைத்த துளை வழியாக இருமல் வந்தது. துணைக்கு வந்திருந்த மனைவிமார் இரண்டு பேரும் பதறிப்போய்த் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

இதையெல்லாம் பொன்னுராஜ் கருவியை அழுத்தி அழுத்தி, இடையில் பேட்டரி மாற்றிச் சொல்லி முடித்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அபுபக்கரும் மனைவி அப்ரோஸ் பேகமும் இறங்கினார்கள். வல்லரசுக்கு இரண்டு வேலை வேண்டாம் என்று பொன்னுராஜே வரச் சொல்லியிருந்தார். அபுபக்கருக்கு நோய் திரும்பி வந்திருந்தது. சட்டை தோளில் நிற்கவில்லை. ஆனாலும் கக்கத்தில் சிலேட்டு இருந்தது.

ஆய்வைப் பற்றி வல்லரசு விளக்கினான். அபுபக்கர் கேட்டுவிட்டு எழுதினார்: "இதுல எனக்கு என்ன தெரியும்?"

பொய் சொல்லக் கூடாது என்று அவனுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "உங்களுக்குன்னு தனியா ரிசல்ட்டு வராதுங்க பாய். பொறவு வாரவுகளுக்குத்தான் உதவும்."

அபுபக்கர் சிலேட்டைத் துடைத்தார். பிறகு எழுதினார்: "அப்ப ரெண்டு குழாயா எடுத்துக்கோ."

ஒன்று போதும் என்றான் வல்லரசு. நாலு பேரிடமும் ஒவ்வொரு குழாய். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒப்பிடுவதற்குரிய நபர்: மனைவி. ரத்த உறவா: இல்லை. சுந்தரம்மாள் வந்து உட்காருவதற்குள் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டான். எதிர்ச் சுவரில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்கியது. தலைப்பாகை கட்டிய இளவட்டப் பொன்னுராஜின் மடியில், மொட்டைத் தலையோடு ஒரு பெண் குழந்தை அலறுகிறது. காதுக்கு அருகில் ஆசாரியின் கை. கட்டிக்கொடுத்துவிட்ட ஒரே மகள் மாரிச்செல்வியின் காதுகுத்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பெட்டியை மூடினான்.

ஐந்து மாதம் கழித்து அபுபக்கர் காலமானார். மறுவாரம் மதுரையில் பொன்னுராஜுக்கு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தை அவர் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. சுந்தரம்மாள்தான் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, சந்தோஷப்படுவதா கூடாதா என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய் நின்றாள்.

அதற்கும் நாலு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து வல்லரசுக்கு மெயில் வந்தது. பொன்னுராஜின் ரத்தமும் அவர் மனைவியினுடையது என்று அனுப்பிய ரத்தமும் ஏறக்குறையக் கால்வாசி ஒத்துப்போகின்றன. கணவன் மனைவிக்குள் அப்படி இருக்க வாய்ப்பில்லை. ஒன்று, ரத்தம் கலந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மனைவி பெயரில் வேறு யாரோ கொடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு எடுத்த நாலு குழாயையும் நம்ப முடியாது. இரண்டு வாரத்துக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் நாலும் ஆய்விலிருந்து நீக்கப்படும்.

வேலை போய்விடுமோ என்று முதலில் பயம் வந்தது. நாலு குழாயில் ஒன்று அபுபக்கருடையது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் முதல் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றைக்கே ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினான்.

மெயிலில் இருந்ததைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பொன்னுராஜின் நாணயம் ஒரு தட்டுத் தட்டியது. அவன் நிறுத்தினான். பொன்னுராஜ் கருவியை எடுத்தார். தாடையில் அதைக் குத்துவது போல வைத்து அழுத்தினார்.

"என் ரத்தம் போனாப் போவுது. இந்தா இருக்கு கையி, மறுபடி எடு. பாய் ரத்தத்த எங்க போயி எடுப்ப?"

வல்லரசு மெயில் இருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"பீடி குடிச்ச நான் இருக்கேன். ஒன்னும் தொடாதவரு போயிட்டாரு. ஏன்னு அவரு கேட்டாரு. நானும் கேட்டேன். அதுக்குத்தான கொடுத்தோம். ரெண்டுல ஒன்ன வச்சுக்கிட்டு எதோட எத ஒப்பிடுவான் உங்க ஆபீஸரு?"

சுந்தரம்மாள் குறுக்கே வந்தாள். "செத்த இருங்க மாமா. தம்பி, நீங்க குழாயில பேரு எழுதி ஒட்டுனதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எப்படிக் கலக்கும்?"

"கலக்கலைக்கா. எனக்குத் தெரியும். ஆனா உங்க ரெண்டு பேரு ரத்தமும் கால்வாசி ஒன்னா இருக்காம். புருஷன் பொண்டாட்டிக்கு அப்படி இருக்காதுன்னு எழுதியிருக்காங்க."

சுந்தரம்மாள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் அவளைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்காதாமா? எங்கம்மாவும் இவியளும் ஒரு வயித்துல பொறந்தவுக. இவிய எனக்குச் சொந்தத் தாய்மாமன். பொறவு எப்படித் தம்பி இல்லாமப் போவும்?"

வல்லரசு சுவரைப் பார்த்தான்.

"அது யாருன்னு நெனச்சிய?"

"மாரிச்செல்வி அக்கான்னு..."

"அது நாந்தான். மாமன் மடியில உக்கார வச்சுக் காது குத்துனாக. வலியில கடிச்சு வச்சேன்."

பொன்னுராஜ் இடது கைப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அடியில் பிறை போல ஒரு தழும்பு. "அன்னைக்கு ஆரம்பிச்சவ. இன்னும் விடல."

வல்லரசுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவன் அம்மாவே அவன் அப்பாவுக்கு மாமன் மகள்தான். அவன் தெருவில் சொந்தத்துக்கு வெளியே கட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'ரத்த உறவா' என்று யாராவது ஊரில் கேட்டிருந்தால் நாலு தலைமுறை சொல்லியிருப்பான். ஆங்கிலத்தில் அச்சடித்த கட்டத்தைப் பார்த்ததும் கல்லூரியில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது, வீடு வரவில்லை. சுந்தரம்மாள் வாய்க்கு வாய் மாமா என்றுதான் கூப்பிட்டாள். அவன் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்பதால் அது அவன் காதில் ஏறவே இல்லை.

"ஏன் அன்னைக்கே சொல்லலைக்கா?"

"நீங்க கேக்கலையே தம்பி. இதப் போயி யாரு தனியாச் சொல்லுவா?"

பொன்னுராஜ் கருவியைத் தாடையில் வைத்தார். கோபம் இறங்கியிருந்தது. "பெரிய படிப்பு படிச்சவரே. சீட்டைக் கிழிக்கிறதுக்கு முன்ன, எங்க ஏறுனன்னு கேக்க வேணாமா?"

மறுநாள் காலையில் மூன்று பேரும் சுந்தரபாண்டியத்துக்குப் போனார்கள். பொன்னுராஜின் அக்கா, சுந்தரம்மாளின் அம்மா, செல்வலட்சுமி அங்கே மகன் வீட்டில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கையை நீட்டினார். "என் தம்பிக்கும் என் மகளுக்கும் உறவு உண்டான்னு பட்டணத்துல சந்தேகமா? எடுத்துட்டுப் போய்க் காட்டு. கல்யாணச் செலவு அம்புட்டையும் சந்தேகப்பட்டவனைத் தரச் சொல்லு." வல்லரசு மூன்று பேரிடமும் புதிதாக ரத்தம் எடுத்தான். எடுக்கும் முன்பு ஒவ்வொருவரிடமும் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டு, மூன்று தலைமுறைக்குக் கோடு போட்டு வரைந்தான். காதுகுத்துப் படத்தையும் போனில் எடுத்துக்கொண்டான். கடிதத்தில், கேட்காமலே டிக் அடித்தது தன் தவறு என்று முதல் வரியிலேயே எழுதினான். ரத்தம் கொடுத்தவர்கள் பக்கம் ஒரு தவறும் இல்லை என்று இரண்டாவது வரி.

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. புதுக் குழாய்களும் பழைய குழாய்களும் பொருந்துகின்றன. எதுவும் கலக்கவில்லை, ஆளும் மாறவில்லை. சுந்தரம்மாள் ரத்த உறவு என்பதால் ஒப்பிடும் பட்டியலிலிருந்து மட்டும் அவர் நீக்கப்படுகிறார். மற்ற மூன்று குழாய்களும் ஆய்வில் தொடரும். இனி எல்லாப் படிவத்திலும், கல்யாணத்துக்கு முன்பே இருவரும் சொந்தமா, என்ன முறை என்று தமிழிலேயே ஒரு கேள்வி சேர்க்கப்படும்.

"என்னைய மட்டும் எறக்கிவிட்டுட்டாகளா?" என்றாள் சுந்தரம்மாள்.

"டிக்கெட் இல்லாம ஏறுனா அப்படித்தான்" என்றது கருவி.

பொன்னுராஜ் சும்மா இருக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வல்லரசையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிவிட்டார். பாத்திரக்கடையில் அப்ரோஸ் பேகம் இருந்தார். கடையை இப்போது அவரும் மகன் ஆபித்தும் பார்க்கிறார்கள். நடந்த மெயில் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. வல்லரசு ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் கையிலிருந்த எவர்சில்வர் குடத்தைக் கீழே வைத்தார்.

"அவிய ரத்தம் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. சென்னையில, ஃப்ரீசர்ல. பல வருஷத்துக்குக் கெடாது."

"ஃப்ரீசர்லயா?" அவருக்குக் கண் கலங்கியது, உதட்டில் சிரிப்பும் வந்தது. "அவியளுக்கு ஃபேன் காத்தே சேராது தம்பி. போர்வையைப் போத்திக்கிட்டுத்தான் படுப்பாக."

கல்லாவுக்குப் பின்னால் சிலேட்டு இருந்தது. அதை எடுத்துத் துடைத்து பொன்னுராஜிடம் நீட்டினார். கருவி இருந்தும் அவர் அதை வாங்கி எழுதினார்: "பாய் கேள்விய இன்னும் யாரும் அழிக்கல." அப்ரோஸ் பேகம் அதைப் படித்துவிட்டு, அழிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வல்லரசு கேட்டான். "ஐயா, ஆய்வுல ஒருவேளை காரணம் தெரிஞ்சாலும் உங்களுக்கு வந்து யாரும் சொல்ல மாட்டாங்க. வருத்தமில்லையா?"

பொன்னுராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கருவியைத் தாடையில் வைத்தார். "எந்தப் பாட்டன் எனக்கு என்னத்தக் கொடுத்துட்டுப் போனானோ, அது காப்பாத்துச்சோ, இல்ல டாக்டர் கத்திதான் காப்பாத்துச்சோ, எனக்குத் தெரியாது. இல்லாட்டி வீட்டுக்காரி காய்ச்சுன கஞ்சியோ. யாருன்னு தெரிஞ்சா அவனுக்கு மட்டும் கும்பிடு போட்டுட்டுப் போயிருவேன். தெரியாததுனால எல்லாருக்கும் போடுதேன். நஷ்டமில்ல."

ஆய்வு இன்னும் முடியவில்லை. வல்லரசு அதே வேலையில் இருக்கிறான். எந்த வீட்டுக்குப் போனாலும் படிவத்தை எடுப்பதற்கு முன் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பற்றிக் கேட்கிறான். அபுபக்கரின் குழாய் சென்னையில் இருக்கிறது. சுந்தரம்மாள் வாரத்துக்கு ஒருமுறை சத்திரப்பட்டியிலிருந்து துணி வாங்கிவந்து கழுத்துத் துணி தைக்கிறாள். புருஷனுக்குப் போக மிச்சத்தை மதுரை வார்டுக்குக் கொடுத்தனுப்புகிறாள்.

பொன்னுராஜுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. ஆபரேஷன் நடந்து நாலாவது வருஷம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார், இதுவரை நோய் திரும்பவில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பழைய கம்பெனிக்கே டைம் கீப்பராக இருக்கிறார். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை வேலை. நேரம் ஆனதும் பஸ்ஸின் பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறார், பஸ் கிளம்பிவிடுகிறது.